பூச்சியம் எடுத்த அட்டைகள்

இலுப்பைக்கடவைச் சந்தியில் கட்டியிருந்த பதாகையில் சிங்கராசாவின் முகம் நேரில் இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. பக்கத்தில் அதே அளவில் ஒரு கடலட்டை. இரண்டு பேருக்கும் மாலை போட்டிருந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில், "குருத்துப் புள்ளி 1.00 பெற்று மாவட்டத்தில் முதலாம் இடம். வாழ்த்துவோர்: மச்சான்மார், மருமக்கள்."

பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணை, அட்டையும் சோதினை எழுதுதோ?"

"எழுதேல்லயடா. டொக்டர் டொமினிக் பாத்துப் போட்டவர்."

"எத்தினைக்கு எத்தினை?"

"ஒண்டுக்கு ஒண்டு."

"அப்ப நூறுக்கு நூறு!"

"ஓம். என்ர பொடியன் மூண்டுதரம் எடுத்தும் வராதது சிங்கராசாவின்ர அட்டைக்கு முதல்தரத்திலயே வந்திட்டுது."

மாவட்டம் என்று போட்டது பொய். அளந்தது ஒரே ஒரு சங்கத்தின் ஆறு பண்ணைகளை. கரையில் நின்று பார்த்தால் கம்பும் வலையுமாக அடைத்த அந்த ஆறும் வரிசையாகத் தெரியும். உள்ளே சேற்றில் வெள்ளை அட்டை வளர்கிறது. கொழும்பில் ஒரு கம்பெனி இந்த அட்டையைக் காயவைத்துத் தூளாக்கி, இளமை தரும் குளிசை என்று விற்க யோசித்தது. எந்தப் பண்ணை அட்டையில் இளமை கூடுதல் என்று சொல்ல டொக்டர் டொமினிக்கைப் பிடித்தது. அட்டையைப் பற்றிக் கம்பெனிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவருக்கும் தெரிந்திருந்தது.

டொமினிக் வங்காலையில் பிறந்தவர். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். கொழும்பில் இருக்கும்போது நல்ல தமிழ் பேசுவார். மன்னார் மாவட்டத்துக்குள் கால் வைத்ததும் அவருக்குத் தமிழ்ச் சொற்கள் மறந்து போகும்.

உண்மையில் அளந்தவள் சுவேதினி. அவளும் வங்காலைதான். பட்டம் முடித்து, டொமினிக்கிடம் சம்பளத்துக்கு இருந்து, வீட்டு மேசையில் மடிக்கணினி வைத்து வேலை செய்கிறவள். ஆறு பண்ணைக்கும் அவள்தான் போனாள். அட்டைகளை வெட்டிக் குடலில் துண்டு எடுத்துப் பதப்படுத்தி, வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு எண் எடுத்தாள்.

அந்த எண் சொல்வது ஒன்றைத்தான். உடம்பில் சில கலங்கள், அதாவது உயிரணுக்கள், தோலாவதா குடலாவதா என்று இன்னும் முடிவெடுக்காமல் குருத்தாக இருக்கும். மற்றவை முடிவெடுத்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்த துண்டு எந்தளவுக்குக் குருத்தின் சாயலில் இருக்கிறது என்பதே எண். நல்லதா கெட்டதா, ருசியா இல்லையா, தின்றவனுக்கு இளமை வருமா என்றெல்லாம் அதில் ஒரு சொல்லும் கிடையாது. கோழிக்குஞ்சு சூப் குடித்தவன் எவனும் இதுவரை குஞ்சாகவில்லை.

இதை டொமினிக்கிடம் சொல்லாமல் விடவில்லை சுவேதினி. ஆவணி மாதம், அவர் சங்கத்துக்கு முடிவை அனுப்பிய அன்றே தொலைபேசியில் பிடித்தாள்.

"சேர், நீங்கள் அனுப்பினதில 'தரம்' எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"ஓம். அவையளுக்கு விளங்கவேணுமே."

"இது தரமில்லை சேர். புண் ஆறேக்கையும் இந்த எண் கூடும். புற்றுநோய்க் கட்டியிலயும் கூடும்."

"அட்டைக்கு ஆர் புற்றுநோய் எண்டு சொன்னது?"

"நான் அதைச் சொல்லேல்ல. கூடினா நல்லது எண்டு இல்லை எண்டுதான் சொல்லுறன். சிங்கராசா அண்ணையின்ர அட்டைக்குள்ள குடலே இருக்கேல்ல, சேர். நூல் மாதிரி ஒண்டுதான் கிடந்தது. நான் அண்டைக்கே கோல் எடுத்துச் சொன்னனான். இருக்கிறதை வெட்டி எடும் எண்டனீங்கள்."

"வெட்டினீர்தானே?"

"ஓம்."

"அதில ஒண்டு வந்திருக்குத்தானே? பிறகென்ன குறை உமக்கு? சுவேதினி, நீர் பட்டம் எடுத்தனீர். நான் கலாநிதிப் பட்டம் எடுத்தனான். ஆர் ஆருக்கு விளங்கப்படுத்துறது?"

சுவேதினி வாயை மூடிக்கொண்டாள். வேலை போய்விடும் என்ற பயம். பயத்துக்கு அவள் வைத்த பெயர் மரியாதை.

சங்கத்தில் அந்த எண்கள் வந்து இறங்கினதும், அவற்றை விளங்கிக்கொள்ள ஒருவரும் கஷ்டப்படவில்லை. இந்தத் தீவில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இசட் ஸ்கோர் தெரியும். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவதும் எடுபடாமல் போவதும் அந்த எண்ணில்தான். ஸ்கோர் என்றால் வெட்டுப்புள்ளி இருக்கவேண்டும், அதுவும் மாவட்டத்துக்கு ஒன்றாக. அதை முதலில் டொமினிக்கிடம் தொலைபேசியில் கேட்டவன் றெனால்ட், சிங்கராசாவின் மனைவியின் தம்பி. அவனுடைய பண்ணைக்கு வந்தது 0.21.

"சேர், வெட்டுப்புள்ளி எத்தினை?"

டொமினிக்குக் கேள்வியே விளங்கவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "அது... மாவட்டத்தைப் பொறுத்தது" என்றார்.

"மன்னாருக்கு எப்பவும் குறைவுதானே சேர். பாத்துப் போடுங்கோ."

"சரி. பொயின்ற் ருவென்ரி."

அப்படித்தான் வெட்டுப்புள்ளி 0.20 ஆனது. அதற்குக் கீழே இருந்தது ஒரே ஒருத்தி. பாலேஸ்வரி, 0.00. வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனவரின் பண்ணையைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் கொடுக்கச் சங்கம் சிபாரிசு செய்யும் என்று பேச்சு எழும்பியது. பக்கத்துப் பண்ணைக்காரன் றெனால்ட். வருகிற ஞாயிறு கூட்டத்தில் தீர்மானம்.

பாலேஸ்வரி பஸ் ஏறி வங்காலைக்கு வந்தாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். புருஷன் அங்கேயே செத்துப்போனான். இங்கே வந்து அவள் ஊன்றியது அந்தப் பண்ணைக் கம்புகளை மட்டும்தான். வேறு வருமானம் கிடையாது.

"நீதானே என்ர அட்டையை வெட்டினனீ?"

"ஓம் அக்கா. இருங்கோ."

"இருக்க வரேல்ல. என்ர அட்டை என்ன பிழை செய்தது? பேப்பரை வெறுமையாக் குடுத்ததோ?"

"ஒரு பிழையும் இல்லை அக்கா. வெட்டின அத்தினையும் நல்ல கொழுத்த குடலோட இருந்தது."

"அப்ப ஏன் பூச்சியம்?"

"ஆறு பேரை வரிசையில நிப்பாட்டுறம் எண்டு வையுங்கோ. ஆகக் கட்டையான ஆளுக்குப் பூச்சியம், ஆக நெட்டையான ஆளுக்கு ஒண்டு எண்டு பேர் வைக்கிறம். மற்றவை நடுவில. பூச்சியம் எண்டா அந்த ஆளுக்கு உயரமே இல்லை எண்டு இல்லைத்தானே?"

பாலேஸ்வரி யோசித்தாள்.

"அப்ப ஆரோ ஒராளுக்குப் பூச்சியம் வந்தே ஆகவேணும்."

"ஓம்."

"ஆருக்கோ ஒண்டும் வந்தே ஆகவேணும்."

"ஓம்."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"...கணக்குப் போட்ட நாள் தொட்டு. சேரிட்டைச் சொன்னனான்."

"சேரின்ர பண்ணையோ போகுது?"

சுவேதினி தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள்.

"முகாமில எங்களை எத்தினைதரம் எண்ணியிருப்பாங்கள். ஆனா எண்ணினவன் ஒருத்தனும் உனக்குப் பூச்சியம் எண்டு சொல்லேல்ல. ஞாயிற்றுக்கிழமை வா. வந்து, என்னட்டைச் சொன்னதை அங்க சொல்லு. வராட்டி உன்ர படிப்பைக் கொண்டுபோய் உப்பில போடு."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் கூட்டம். தலைவர் கதிரையில் சிங்கராசா. பக்கத்தில், கொழும்பிலிருந்து வந்த டொமினிக். மற்றப் பண்ணைக்காரரும் அவர்களுடைய வீட்டாரும் நீட்டு மர வாங்குகளில். பாலேஸ்வரி கதவோரம். சுவேதினி மடிக்கணினியோடு பின்வரிசையில். வரச்சொன்னது பாலேஸ்வரி என்று தெரியாமல், தன்னைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று டொமினிக் தலையாட்டினார்.

சிங்கராசா எழும்பினார். முதலாமிடம் வந்தவர் ஏற்புரை நிகழ்த்தாமல் விடுவாரா?

"எல்லாரும் கேக்கினம், சிங்கராசா அண்ணை, உங்கட அட்டைக்கு மட்டும் எப்பிடி ஒண்டு வந்தது எண்டு. நான் மறைக்கமாட்டன். கவனிப்பு! கொழும்பில இருந்து பெரியாக்கள் பாக்க வந்த நாள், மற்றவை என்ன செய்தவை? தண்ணிக்குள்ளயே காட்டினவை. நான் எல்லா அட்டையையும் வெளியில எடுத்து, பிளாஸ்ரிக் பேசினுக்குள்ள வைச்சு, வெய்யிலில வடிவா அடுக்கி, ஆள் ஆளாய்ப் படம் எடுக்க விட்டனான். பின்னேரம்தான் திருப்பி விட்டது. அதுக்கு ரெண்டு கிழமையால இந்தப் பிள்ளை வந்து வெட்டினது. அந்தக் கவனிப்புத்தான் ஸ்கோர்!"

கைதட்டல். தட்டியவர்களில் கடலில் கால் வைக்காத ஒருவரும் இல்லை. வெயிலில் அகப்பட்ட அட்டை பயத்தில் குடலைக் கக்கும், பிறகு புதுக்குடல் முளைக்கும் என்பது அவர்கள் எல்லாருக்கும் பால்குடி காலத்திலேயே தெரியும். ஆனால் ஸ்கோர் என்ற சொல் காதில் விழுந்தவுடன் கடல் மறந்துபோயிற்று.

"அண்ணை" என்று சுவேதினி எழும்பினாள். "அண்டைக்கு வெய்யிலில வைச்சது, அதுகள் கக்கினதோ?"

"கொஞ்சம் கக்கினதுதான். பேசின் முழுக்கக் கிடந்தது. கழுவி விட்டனாங்கள்."

வாங்கில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அப்ப ஒண்டு வந்தது அதாலதான். குடல் இல்லாத அட்டைக்குள்ள புதுக்குடல் முளைச்சுக்கொண்டிருந்தது. முளைக்கிறது குருத்துத்தானே? நான் அதைத்தான் வெட்டி எடுத்தனான். பாலேஸ்வரி அக்காவின்ர அட்டையள் சுகமா இருந்ததுகள். புதுசா முளைக்க ஒண்டும் இல்லை. அதால குறைஞ்சது."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்:

"அப்ப பதாகை அடிச்சது சத்தி எடுத்ததுக்கோ?"

சிரிப்பு வெடித்தது. சிங்கராசா டொமினிக்கைப் பார்த்தார். எல்லாரும் டொமினிக்கைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் அவருடைய விஞ்ஞானம் தலைகீழாகிவிட்டது.

"நான் இதைத்தான் சொல்ல வந்தனான்" என்றார். "எக்ஸாக்ட்லி. குறைஞ்ச ஸ்கோர் எண்டா முதிர்ச்சி. பக்குவம். கம்பெனிக்குத் தேவை அதுதான். அப்பிடிப் பாத்தா, பாலேஸ்வரி அம்மாதான் முதலாமிடம்."

எல்லாத் தலையும் கதவோரம் திரும்பியது. ஒருவர் எழும்பித் தன் கதிரையை அவளுக்குத் தள்ளிவிட்டார். அரை மணித்தியாலத்துக்கு முதல் அவளுக்கு வாங்கிலும் இடம் விட்டுக்கொடுக்காத மனிதர்.

றெனால்ட்டின் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான்.

"சேர், அப்ப நான் ரெண்டாமிடம்."

"ஓம்."

"அப்ப ஆகக் கடைசி ஆர்?"

பதில் எல்லாருக்கும் தெரியும். தலைவர் கதிரையில் இருந்தது அந்தப் பதில்.

"டேய்" என்றார் சிங்கராசா. "நீ என்ன கேக்கிறாய்?"

"இல்லை அத்தான், சும்மா. உங்கட பண்ணைக்குப் பக்கத்தில ஆர் எண்டு யோசிச்சனான்."

"உன்ர அக்கா குடுக்கிற சோத்தைத் தின்னுபோட்டு..."

"சோறு வேற, சங்கம் வேற அத்தான்."

பாலேஸ்வரி சுவேதினியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது தெளிவு: இனி வாயைத் திறக்காதே. பண்ணை தப்பிவிட்டது. பொய் சொன்னது டொமினிக். அந்தப் பொய் இப்போது அவள் பக்கம் நிற்கிறது. நிற்கிற இடத்தில் நிற்கட்டும்.

சுவேதினி இருந்துவிட்டாள். ஆனால் றெனால்ட் ஜன்னலுக்குள்ளால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன கிழமை பாலேஸ்வரியின் கம்புகளை அளந்த அதே கண்ணால் இப்போது அத்தானுடைய கம்புகளை அளந்தான். அடுத்த முறை டொமினிக் கண்ணாடி துடைத்தால் அந்தக் கண் திரும்பவும் பாலேஸ்வரியிடம் வரும். சுவேதினி மறுபடி எழும்பினாள்.

"சேர் சொல்லுறது பிழை."

"சுவேதினி, இரும்."

"முந்திச் சொன்னதும் பிழை, இப்ப சொல்லுறதும் பிழை. ஒண்டு எடுத்ததும் முதலாமிடம் இல்லை, பூச்சியம் எடுத்ததும் முதலாமிடம் இல்லை. றெனால்ட் அண்ணை, இஞ்ச வாங்கோ. இதைப் பாருங்கோ."

மடிக்கணினியை வாங்கின்மேல் வைத்துத் திருப்பினாள். திரையில் ஆறு பெயர், ஆறு எண்.

"பாலேஸ்வரி அக்காவின்ர பண்ணையை எடுக்கவேணும் எண்டுதானே கேட்டனீங்கள்? எடுக்கிறன்."

பாலேஸ்வரியின் பெயரை அழித்தாள். ஒரு விசையைத் தட்டினாள். எண்கள் மாறின.

றெனால்ட் குனிந்து பார்த்தான். அவனுடைய பெயருக்கு நேரே 0.00.

"இதென்ன இது? எனக்கு இருபத்தொண்டு எல்லோ?"

"அது அக்கா இருக்குமட்டும். அவ போனா, மிச்சம் இருக்கிறதில ஆகக் குறைஞ்ச ஆள் நீங்கள். குறைஞ்ச ஆளுக்குப் பூச்சியம்."

"நான் ஒண்டும் செய்யேல்லயே!"

"அக்காவும் ஒண்டும் செய்யேல்ல."

"வெட்டுப்புள்ளி?"

"இருபது. நீங்கள் கீழ."

"றெனால்ட்டையும் எடுத்தா?" என்று கேட்டான், அடுத்த வாங்கிலிருந்து எழும்பி வந்த விதுசன். அவனுடைய எண் 0.34. சுவேதினி பதில் சொல்லாமல் றெனால்ட்டின் பெயரையும் அழித்துத் தட்டிக் காட்டினாள். விதுசனுக்குப் பூச்சியம்.

"ஐயோ, திருப்பிப் போடு, திருப்பிப் போடு!" என்று அவனுடைய மனைவி கத்தினாள், பண்ணையே திரைக்குள் முங்கிப் போனதுபோல.

"சிங்கராசா அண்ணையை எடுத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரெண்டாம் ஆள் ஒண்டு ஆவார்."

"ஒரு முயற்சியும் இல்லாமலோ?"

"இவர் மட்டும் என்ன முயற்சி செய்தவர்?"

விஞ்ஞானம் யாருக்கும் விளங்கவில்லை. குடல், குருத்து, முளைப்பு என்று சுவேதினி சொன்ன எதுவும் எவர் தலையிலும் ஏறவில்லை. ஏறியது ஒன்றே ஒன்று: பாலேஸ்வரி போனால் அடுத்தது நான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் மனம் திருந்தியவன் றெனால்ட்.

"தலைவர், நான் ஒரு கதை சொல்லுறன். பாலேஸ்வரி அக்கா பாவம். முகாமில எல்லாம் இருந்து கஷ்டப்பட்டு வந்தவ. அவவை நாங்கள் சங்கத்தில வைச்சிருக்கவேணும்."

"எப்பவும் வைச்சிருக்கவேணும்" என்றான் விதுசன்.

"பூச்சியத்தோட" என்றான் றெனால்ட்.

"அப்ப வெட்டுப்புள்ளி?" என்று கேட்டார் சிங்கராசா. தன் கதிரை தப்பியது அவருக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

றெனால்ட் டொமினிக்கிடம் திரும்பினான். குரலில் பழைய பணிவு வந்துவிட்டது.

"சேர், அடுத்த வருசம் ஸ்கோர் போடேக்க பூச்சியத்தில தொடங்காம, முப்பத்தைஞ்சில தொடங்கினா என்ன? சாதாரண தரச் சோதினையில முப்பத்தைஞ்சு எடுத்தா பாஸ். ஆகக் குறைஞ்ச ஆளும் பாஸ். ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லை."

டொமினிக் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வை நொட்? செய்யலாம். சுவேதினி, அதை நாளைக்கு மாத்தி அனுப்பும்."

"நீங்களே மாத்துங்கோ சேர். ஒரு வரிதான்."

"எந்த வரி?"

"அது தெரிஞ்ச ஆளை வைச்சுச் செய்யுங்கோ. நான் இண்டையோட வேலையில இருந்து நிக்கிறன்."

டொமினிக் சிரித்தார், அவள் பகிடி விடுகிறாள் என்று மற்றவர்கள் நினைக்கவேண்டும் என்பதற்காக. பிறகு தன் தொலைபேசியை எடுத்து ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்தே இருந்தது.

சிங்கராசா தொண்டையைச் செருமினார். "அப்ப தீர்மானம். இனிமேல் ஸ்கோர் முப்பத்தைஞ்சில தொடங்கும். ஒருத்தரின்ர பண்ணையும் எடுக்கிறதில்லை. விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

எல்லாக் கையும் எழும்பியது. பண்ணையே இல்லாத, வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேரின் கையும் சேர்ந்து எழும்பியது. சுவேதினி கதவடிக்குப் போய்ப் பார்த்தாள். பாலேஸ்வரியும் தூக்கியிருந்தாள், மற்றவர்களைவிட உயரமாக.

"அக்கா, நீங்களுமோ? இதுவும் பொய்தானே?"

"பொய்யெண்டு தெரியாமலோ தூக்கிறன்? இதுகளுக்கு நீ உண்மை சொன்னனீ, அதை வைச்சு என்ன செய்ததுகள் எண்டு பாத்தனீதானே." கையை இறக்காமலே சொன்னாள். "கையைத் தூக்கினா பண்ணை என்னட்டை இருக்கும் எண்டா நான் ரெண்டு கையும் தூக்குவன்."

மற்றக் கையையும் தூக்கினாள். சிங்கராசா எண்ணும்போது அவளை இரண்டு தரம் எண்ணினார். ஒருவரும் திருத்தவில்லை.